வேகமா, குறியா?

மலிவுவிலைக் காற்றுத் துப்பாக்கியை வாங்கி, வலுத்த சுருள்வில்லைப் பொருத்தி, நொடிக்கு 300 மீட்டர் என மார்தட்டும் நண்பர்களிடம் நாம் கேட்பது ஒன்றே: குண்டு எங்கே பட்டது? 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டியில், துப்பாக்கிகளின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர்தான். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ அரை மில்லிமீட்டர்.

வில்லின் வலு கூடினால் உதைப்பும் கூடும். குண்டு குழலை நீங்குமுன்பே குறி கலையும். போதாக்குறைக்கு, ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினால் இந்தியாவில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டும்.

வில்லின் முனைகளை வழவழப்பாக்குங்கள். மிகுந்த மசகைத் துடையுங்கள். கட்டைப்பிடியின் திருகுகளை இறுக்குங்கள். பின்னர் ஒரே வகைக் குண்டால் பத்து முறை சுட்டு, துளைகளின் பரவலை அளந்து சொல்லுங்கள். அதுவே மதிப்பீடு, ஏனையது விளம்பரம்.