தூசிக் கோலும் தொன் போஸ்கோவும்

போன ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் பங்குப் பேரவை கூடியது. இளையோர் மன்றத்தைக் கொஞ்ச நாளைக்கு மூடி வைக்கலாம் என்றார் ஒரு பெரியவர். பையன்கள் பிரசங்க நேரத்தில் வெளியே பைக்கில் உட்கார்ந்திருக்கிறார்களாம். மன்றத்தில் கேரம் ஆடுகிறார்களாம். ஜெபமாலைக்கு ஒருத்தனும் வருவதில்லையாம். "இந்தக் காலத்துப் பசங்க உருப்படாதுங்க ஃபாதர், சொல்லிப் பாத்தாச்சு" என்று முடித்தார். ஏழெட்டுத் தலைகள் ஆடின. அவர் பேசும்போதே அவருடைய சட்டைப்பையில் செல்போன் அலறியது. அது ஒழுங்கீனத்தில் சேராது போலிருக்கிறது.

என்னத்தைச் சொல்லிப் பார்த்தார்கள்? முடியை வெட்டு, சட்டையை மாற்று, பின்னால் போய் நில். இதற்குப் பெயர் அறிவுரை.

இவர்களுக்கு 1841 டிசம்பர் 8 ஞாபகம் வர வேண்டும். இத்தாலியில் தூரின் நகரம், புனித அசிசி பிரான்சிஸ் கோயில், அமல உற்பவ மாதா திருநாள். குருவாகி ஆறு மாதமே ஆகியிருந்த தொன் போஸ்கோ பூசைக்கு உடுத்திக்கொண்டிருக்கிறார். அந்த அறை மூலையில் ஒரு பையன் முழித்துக்கொண்டு நிற்கிறான். பூசைக்கு உதவி செய்யச் சொல்கிறார் கோயில்பிள்ளை. தெரியாது என்கிறான். தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று தூசி தட்டும் கோலைத் திருப்பிப் பிடித்து அடித்து விரட்டுகிறார். தொன் போஸ்கோ சத்தம் போடுகிறார்: அவன் என் நண்பன், கூப்பிடுங்கள்.

பையன் பெயர் பர்த்தலமேயு கரெல்லி. வயது 16, கொத்து வேலை. அப்பா அம்மா இல்லை, எழுத்து தெரியாது, புதுநன்மைகூட வாங்கவில்லை. நம் பேரவையின் அளவுகோலில் பூஜ்யம். தொன் போஸ்கோ மறைக்கல்வியிலிருந்து தொடங்கவில்லை. பாடத் தெரியுமா என்று கேட்டுப் பார்த்தார், தெரியாது. சீட்டி அடிக்கத் தெரியுமா என்றார். பையன் சிரித்துவிட்டான். கோயிலுக்குள் சீட்டி பற்றிப் பேச்சு! நம் ஊராக இருந்தால் மேதகு ஆயருக்கு மனு போயிருக்கும்.

அடுத்த முறை கரெல்லி கூட்டாளிகளோடு வந்தான். அந்தக் கூட்டம் பெருகித்தான் 1859-இல் சலேசிய சபை ஆனது. 1906-இல் அவர்கள் தஞ்சாவூருக்கே வந்து சேர்ந்தார்கள். இன்று உங்கள் பேரனுக்கு டான் போஸ்கோ பள்ளியில் இடம் கிடைக்க வேண்டும் என்று சிபாரிசுக் கடிதத்தோடு அலைகிறீர்களே, அந்தப் பள்ளிக்கூடம் கோலால் அடிபட்ட ஒரு கொத்தனார் பையனிடமிருந்து வந்தது. கோயில்பிள்ளையின் கட்சி ஜெயித்திருந்தால் தூசி மட்டும்தான் சுத்தமாகியிருக்கும்.

ஆனால் ஜனவரி 31, தொன் போஸ்கோ திருநாள் வந்தால் அவர் படத்துக்கு மாலை போடுவோம். மற்ற நாளெல்லாம் கோயில்பிள்ளை வழி.

பொறுமை இல்லாதவர்களா நாம்? திருநாள் ஏலம் நள்ளிரவு வரை இழுத்தாலும் அசையாமல் உட்காருகிறோம். வாணவேடிக்கைக்குக் கேள்வி கேட்காமல் பணம் ஒதுக்குகிறோம். ஒரு மின்விசிறி கொடுத்துவிட்டு மூன்று இறக்கையிலும் 'உபயம்' எழுதினால்தான் காற்று வரும் என்று நம்புகிறோம். மறைக்கல்வி நேரத்தில் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புகிறவர்களும் நாம்தான். அவனுக்கு மந்திரம் தெரியவில்லை என்று அங்கலாய்ப்பவர்களும் நாம்தான். பதினாறு வயதுப் பையனுக்கு மட்டும் மூன்று ஞாயிறு கெடு.

கடந்த கிறிஸ்துமஸ் இரவு, பாடற்குழு பாடத் தொடங்கும் நேரத்தில் ஒலிபெருக்கி நின்றுவிட்டது. பைக்கில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவன்தான் வந்தான். மேடைக்கு அடியில் குப்புறப் படுத்து, ஒயரைப் பல்லால் உரித்து முறுக்கி, வேட்டிக்கரை போல ஒட்டியிருந்த பழைய டேப்பைப் பிய்த்துச் சுற்றினான். மைக் உயிர் பெற்றது. அவன் எழுந்து வெளியே போய்விட்டான். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. செருப்பைக் கழற்றாமல் பீடத்தருகே வந்துவிட்டான் என்று ஒருவர் முணுமுணுத்தார். அவர் கையில் கோல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

குடிலுக்கு வைக்கோல் சுமக்க, சப்பரம் தூக்க, சீரியல் பல்பு கட்ட இந்த உருப்படாதவர்கள் வேண்டும். கூட்டத்தில் மட்டும் நாற்காலி கிடையாது. அடுத்த பேரவைத் தேர்தலில் பதினெட்டுக்குக் கீழே இரண்டு பேரை உள்ளே கொண்டுவாருங்கள். பார்வையாளராக அல்ல, வாக்குரிமையோடு.