எட்டுக் குளிசையும் எட்டு மணித்தியாலமும்

இடுப்பு வலியா, இரண்டு பனடோல். தலையிடியா, இன்னும் இரண்டு. பெரட்டுக்குப் போகும்போதே சேலைத் தலைப்பில் குளிசையை முடிந்துகொண்டு போகிற பெண்கள் நம் மலைகளில் ஏராளம். சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர்தான் என்னும்போது, வலியென்று லயத்தில் படுத்திருக்க யாரால் முடியும்? அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை.

ஆனாலும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 500 மில்லிகிராம் குளிசை, வளர்ந்த ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடாது. உடல் மெலிந்தவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்கள், தினமும் குடிப்பவர்கள், ஈரல் நோயுள்ளவர்கள் அதைவிடக் குறைவாகவே எடுக்கலாம். எவ்வளவு என்று வைத்தியரைக் கேளுங்கள். தடிமன் குளிசைகள் பலவற்றிலும் இருப்பது இதே பரசிட்டமோல்தான். பெயர் வேறு என்பதால் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிடுகிறோம்.

அளவு மீறினால் உடனே ஒன்றும் தெரியாது. முதல் நாள் குமட்டல், வாந்தி; சிலருக்கு அதுவும் இல்லை. சுகமாகிவிட்டது என்று நினைத்திருக்கும்போது, இரண்டாம் மூன்றாம் நாளில் வலது விலாவுக்குக் கீழே வலி வரும், கண் மஞ்சளாகும், பேச்சு தடுமாறும். ஈரல் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து உண்டு. 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் பெரும்பாலும் ஈரல் தப்பிவிடும். பிந்தினாலும் பயனுண்டு, ஆகவே நேரம் போய்விட்டதென்று விட்டுவிடாதீர்கள். வருத்தம் தெரியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காமல், குளிசை உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை மணிக்கு எடுத்தார் என்பதை அங்கே சொல்லுங்கள்.

மனவேதனையில் விழுங்கிய பிள்ளையென்றால் மானம் போய்விடும் என்று மறைப்பதும், ஏசுவதும் நடக்கிறது. இரண்டும் வேண்டாம். பக்கத்திலேயே இருங்கள். ஈரலுக்கு வைத்தியம் முடிந்ததும் மனதுக்கான உதவியையும் அங்கேயே கேளுங்கள்.

இனி நிர்வாகத்துக்கு. 8 மணித்தியாலம் பட்டணத்தில் தாராளம். மேற்பிரிவு லயத்தில் அப்படியல்ல. 1990 இலவச அம்புலன்ஸை முதலில் அழைப்போம், சரி. அது ஏற முடியாத பாதையில் நோயாளியைக் கீழே இறக்க வாகனம் வேண்டாமா? லொறிச் சாவிக்காக நடுச்சாமத்தில் பங்களா வாசலில் நிற்க வைப்பது என்ன நியாயம்? ஒவ்வொரு பிரிவிலும் இரவில் வாகனம் நிற்க வேண்டும், அனுமதி கேட்காமல் எடுக்கக் கூடியதாக. டிஸ்பென்சரியில் கொடுக்கும் உறையில் அளவைத் தமிழில் எழுத வேண்டும். நோயாளியோடு ஆஸ்பத்திரிக்குப் போனவருக்கு அன்றைக்கு முழுப்பேர் போட வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளக் கோரிக்கையோடு இந்த மூன்றையும் மேசையில் வைப்போம்.