உற்பத்தித் திட்டமும் கணிப்பொறியும்

மாதந்தோறும் நமது நெசவாளர் சங்கங்களின் நிர்வாகக் குழு கூடும்போது தலையாய கேள்வி ஒன்றே. இருக்கிற நூலைக் கொண்டு, இருக்கிற தறிகளில், எந்த ரகத்தை எவ்வளவு நெய்விப்பது? இதுகாறும் இதற்குச் செயலாளரின் அனுபவமும், சென்ற மாத விற்பனையும், சிறிதளவு உரத்த குரலுடைய அங்கத்தினரின் விருப்பமுமே விடை கூறி வந்தன. இப்பொழுது அவ்விடையைக் கணிப்பொறியே கூறிவிடும் என்று சொல்லி, முடிவெடுக்கத் துணைபுரியும் மென்பொருள்களை விற்க முன்வருவோர் உளர். வரவேற்பதா, விலக்குவதா? வரவேற்கவே வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். ஆயின் எதைக் கணிப்பொறியிடம் ஒப்படைப்பது, எதை நம் கையில் வைத்துக்கொள்வது என்பதில் தெளிவு வேண்டும்.

ஓர் உதாரணம் கொள்வோம். விளக்கத்தின் பொருட்டு நாமே அமைத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரு சங்கத்தில் 60 தறிகள். மாதம் 25 நாள் வேலை. ஆக 1,500 தறி நாட்கள். கையிருப்பு நூல் 1,000 கிலோ. சேலை ஒன்றுக்கு 3 தறி நாளும் அரைக் கிலோ நூலும் செலவாகின்றன. நூல் விலையும் கூலியும் போகச் சங்கத்துக்கு மிஞ்சுவது 240 ரூபாய். போர்வை ஒன்றுக்கு ஒரு தறி நாளும் ஒரு கிலோ நூலும். மிஞ்சுவது 100 ரூபாய். (சேலைக்கும் போர்வைக்கும் ஒரே நம்பர் நூலா என்று நெசவாளர் நகைப்பர். கணக்கு எளிதாகும் பொருட்டு அவ்வாறு கொண்டோம், பொறுத்தருள்க.)

எல்லாத் தறிகளிலும் சேலையே நெய்தால் 500 சேலை; மிச்சம் 1,20,000 ரூபாய்; முக்கால் பங்கு நூல் பண்டகசாலையில் உறங்கும். போர்வையே நெய்தால் ஆயிரத்தோடு நூல் தீர்ந்துபோகும். மிச்சம் 1,00,000 ரூபாய். மூன்றில் ஒரு பங்கு தறி நாட்கள் வீண். 200 சேலையும் 900 போர்வையும் நெய்தாலோ நூலும் தீரும், தறியும் நிற்காது; மிச்சம் 1,38,000 ரூபாய். இதைவிடச் சிறந்த விடை இவ்வெண்களுக்கு இல்லை.

இரண்டு ரகத்துக்கு இதனைத் தாளும் பென்சிலும் கொண்டே கண்டுவிடலாம். இருபது ரகம், நான்கு நம்பர் நூல், சாயம் தோய்த்த சிட்டங்கள், தீபாவளிக்கு முன் அனுப்ப வேண்டிய சரக்கு என்று பெருகும்போது மனிதக் கை தளர்ந்துவிடும். இக்கணக்கு முறைக்கு வழிகோலியவருள் ஒருவரான லியோனித் காந்தரோவிச், லெனின்கிராடில் ஒட்டுப்பலகைத் தொழிலின் யந்திரங்களுக்கு வேலையைப் பங்கிடும் பிரச்சினையிலிருந்தே தொடங்கி, 1939இல் தமது நூலை வெளியிட்டார். 1947இல் அமெரிக்காவில் ஜார்ஜ் டான்சிக் ‘சிம்ப்ளெக்ஸ்’ முறையை வகுத்தார். மிகக் குறைந்த செலவில் சத்தான உணவு எது என்னும் கணக்கை அவ்வாண்டு அம்முறைப்படி போட்டுப் பார்த்தபோது, ஒன்பது குமாஸ்தாக்களுக்கு, ஆள் ஒன்றுக்கு ஒரு நாள் என்று எண்ணினால், 120 நாள் வேலை பிடித்தது. இன்று சங்க அலுவலகத்துக் கணிப்பொறியில் எக்செல்லில் உள்ள ‘சால்வர்’ அதனை நொடியில் முடித்துவிடும். விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸிலும் அவ்வசதி உண்டு. பெருந்தொகை கொடுத்து மென்பொருள் வாங்குமுன் இதனை முயன்று பார்க்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

எண்களைச் சற்று மாற்றி மறுபடி கணக்கிட்டுப் பார்ப்பதில் மற்றொரு பயன் உண்டு. மேற்கூறிய உதாரணத்தில் நூல் இன்னும் 100 கிலோ கிடைத்தால் மிச்சம் 2,400 ரூபாய் கூடுகிறது. அதாவது கிலோவுக்கு 24 ரூபாய். வெளி வியாபாரி வழக்கமான விலைக்கு மேல் 20 ரூபாய் கேட்டால் வாங்கலாம்; 30 ரூபாய் கேட்டால் வேண்டாம். அவ்வாறே ஒரு தறி நாளின் மதிப்பு 76 ரூபாய். பாவு தாமதமாகி ஒரு தறி ஒரு நாள் நின்றால் சங்கம் இழப்பது அதுவே. நெசவாளி இழக்கும் கூலி வேறு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அச்சங்கத்தில் மேலும் எட்டுத் தறிகள் முதிய அங்கத்தினருடையவை என்றும், அவற்றில் துண்டு மட்டுமே நெய்ய முடியும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நாள் துண்டு நெசவுக்கு ஒன்றரைக் கிலோ நூல் வேண்டும். மிஞ்சுவது 30 ரூபாய். அதே ஒன்றரைக் கிலோ நூலை மற்றத் தறிகளுக்குக் கொடுத்தால் 36 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே மிச்சத்தைப் பெருக்குவது ஒன்றே குறி என்று சொல்லியிருந்தால், கணிப்பொறி துண்டு என்னும் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதிவிடும். எட்டுக் குடும்பங்களுக்கு அம்மாதம் வேலை இல்லை. கணக்கில் பிழையில்லை, பிழை நாம் கேட்ட கேள்வியில்.

‘அந்த எட்டுத் தறிகளுக்கும் 25 நாள் வேலை கட்டாயம்’ என்று ஒரு வரி சேர்த்து மறுபடி கேட்டால், 320 சேலை, 540 போர்வை, 200 தறி நாள் துண்டு என்று விடை வருகிறது. மிச்சம் 1,36,800 ரூபாய். எட்டு முதியவர்களுக்கு மாதம் முழுதும் வேலை கொடுப்பதால் சங்கம் இழப்பது 1,200 ரூபாய்! தறி ஒன்றுக்கு 150. இத்தொகை தெரியாத வரையில், ‘பழைய தறிகளால் சங்கம் நஷ்டப்படுகிறது’ என்று ஒரு சாராரும், ‘எங்களை ஒதுக்குகிறார்கள்’ என்று ஒரு சாராரும் ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பர். தெரிந்தபின் பொதுப்பேரவை ஐந்து நிமிடத்தில் தீர்மானிக்கலாம். ஆனால் தீர்மானிக்க வேண்டியது பொதுப்பேரவை. மென்பொருளை அமைத்துத் தரும் கம்பெனியின் சிப்பந்தி அன்று, செயலாளரும் அன்று. எதைப் பெருக்குவது, எந்த வரம்புகளை மீறலாகாது என்பவற்றைத் தமிழில், எல்லோரும் படிக்கும்படி, கணக்கிடுமுன் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். ‘கணிப்பொறி அப்படிச் சொல்கிறது’ என்னும் பதிலை எந்த அங்கத்தினரும் ஏற்கலாகாது.

கரும்பு பயிரிடும் அங்கத்தினருக்கும் இது பொருந்தும். வெட்டு உத்தரவு யாருக்கு முதலில் என்பதில் எழும் மனத்தாங்கல்களை நாம் அறிவோம். பயிரின் வயது, ஆலையின் அரவைத் திறன், லாரிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டு மென்பொருள் வரிசை வகுப்பதாயின், அவ்வரிசைக்குரிய விதி அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும்.

ஒன்று மட்டும் பாக்கி. சேலைக்கு 3 தறி நாள் என்று எழுதினோம். நம் பதிவேடுகளும் அவ்வாறே எழுதுகின்றன. பாவு பிணைக்கும் நேரம் அதில் சேர்ந்துள்ளதா? ஐப்பசி கார்த்திகையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட இயலாமல் மழையில் கழியும் நாட்கள் சேர்ந்துள்ளனவா? 25 என்று நாம் எழுதும் வேலை நாள் அம்மாதங்களில் எத்தனை? இதற்கு விடை கணிப்பொறியிலோ அலுவலகத்திலோ இல்லை, தறிமேட்டில் இருக்கிறது. ஆதலின் இம்மாதம் தொடங்கி, பாவு ஏறிய நாள், அறுத்த நாள், இடையில் தறி நின்ற நாள், நின்ற காரணம் ஆகிய நான்கையும் ஒவ்வொரு பாவுக்கும் தத்தம் கணக்குப் புத்தகத்தில் குறித்து வருமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்தபின் அக்குறிப்புகளை நிர்வாகக் குழு தொகுத்துப் பார்க்கட்டும். மென்பொருள் விற்போரை அதன்பின் அழைக்கலாம்.