மொழிபெயர்ப்பும் ஆராய்ச்சிதான்

சென்ற வாரம் பழைய பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தபோது, நான் வகுப்பெடுத்த காலத்துக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. தத்துவத் துறையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் நான். எம்.ஏ. மாணவர்களுக்கு ஸ்பினோசாவின் ‘எதிக்ஸ்’ நடத்தியபோது எழுதிய குறிப்புகள் அவை. படித்துப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

எங்கள் நூலகத்தில் இருந்தது, எல்வெஸ் என்பவர் 1880-களில் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு. அதில் மூன்றாம் பாகம் ‘எமோஷன்’களைப் பற்றியது. நானும் கரும்பலகையில் ‘உணர்ச்சி’ என்று எழுதி, மனசைப் பற்றியே பேசிவிட்டு வருவேன். எட்வின் கர்லியின் மொழிபெயர்ப்பு வெகு தாமதமாகத்தான் என் கைக்கு வந்தது. மூலத்தில் உள்ள லத்தீன் சொல் ‘அஃபெக்டஸ்’. உடம்பின் செயலாற்றல் கூடுவதும் குறைவதும், கூடவே அதைப் பற்றிய எண்ணமும் சேர்ந்ததுதான் அது என்பது ஸ்பினோசாவின் வரையறை. கர்லி அதை ‘அஃபெக்ட்’ என்றே வைத்துக்கொண்டார். வரையறை எல்வெஸிலும் இருக்கிறது. ‘எமோஷன்’ என்ற சொல்தான் என் கண்ணை மறைத்துவிட்டது. உடம்பை விட்டுவிட்டு இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன்!

இன்னொன்று சொல்கிறேன். ‘காப்பி அல்லது டீ’ என்றால் இரண்டில் ஒன்று. ‘திருவல்லிக்கேணி அல்லது டிரிப்ளிக்கேன்’ என்றால் இரண்டும் ஒரே இடம். ஸ்பினோசாவின் பிரசித்தி பெற்ற ‘கடவுள் அல்லது இயற்கை’ இரண்டாவது வகை. லத்தீனில் அவர் போட்ட சொல் ‘சிவே’. ஆங்கிலத்தில் இரண்டு வகைக்கும் ஒரே ‘ஆர்’தான். கர்லி என்ன செய்தார் தெரியுமா? இரண்டும் ஒன்றே என்று பொருள்படும் இடங்களில் அந்த ‘ஆர்’ஐ மட்டும் சாய்வெழுத்தில் அச்சிட வைத்தார். அந்தச் சின்ன விஷயத்துக்குப் பின்னால் எவ்வளவு படிப்பு இருந்திருக்க வேண்டும்!

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட முதல் தொகுதி 1985-இல் வந்தது. இரண்டாவது 2016-இல். இடையில் 31 வருஷம். அப்போது அவர் எண்பதை நெருங்கிவிட்டார். 1677-இலேயே வந்த டச்சு மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டு வேறுபாடுகளைக் காட்டினார். மூலப் பதிப்பின் பக்க எண்களை ஓரத்தில் கொடுத்தார். கடைசியில் சொற்களுக்குத் தனி விளக்கப் பட்டியலும் சேர்த்தார்.

‘ஆராய்ச்சியாளன் லத்தீனில் படிக்க வேண்டும், மொழிபெயர்ப்பு ஊன்றுகோல்தான்’ என்று சிலர் சொல்வார்கள். சரி, லத்தீனுக்குப் போக வழி காட்டுவதும் அந்த ஓரத்துப் பக்க எண்கள்தானே? கர்லி ஸ்பினோசாவைப் பற்றிச் சொந்தமாகவும் புத்தகங்கள் எழுதினார். அவற்றின் கருத்துகளை மறுப்பவர்கள் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் மறுப்பு எழுதுகிறவர்களும் ஸ்பினோசாவை மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் கர்லியின் வார்த்தைகளில்தான். இதைவிட ஓர் அறிஞருக்கு வேறு என்ன செல்வாக்கு வேண்டும்?

இதை எழுத எனக்கு வேறு காரணமும் உண்டு. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர், ஏழு வருஷம் உழைத்து ஒரு மேலைத் தத்துவ நூலைத் தமிழில் கொண்டுவந்தார். பதவி உயர்வுக் குழுவில் அதை எடுத்து வைத்தபோது, “இது மொழிபெயர்ப்புதானே சார், உங்க சொந்த ஆராய்ச்சி எங்கே?” என்று கேட்டார்கள். மதிப்பெண் பூஜ்யம். அந்தக் குழுவில் நானும் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு அவர் மொழிபெயர்ப்புப் பக்கமே போகவில்லை.

ஆளுக்குப் பத்துக் கட்டுரை எழுதி, அவற்றுக்கு மதிப்பெண்ணும் வாங்கினோம். அவற்றில் ஒன்றையாவது இன்று யாராவது புரட்டுவார்களா? அவர் புத்தகத்தை மட்டும், தமிழ் வழியில் படித்த பையன்கள் இன்றும் தேடி வந்து கேட்கிறார்கள். என்னிடம் ஒரே ஒரு பிரதி இருக்கிறது. இரவல் கொடுத்தால் மறக்காமல் திருப்பி வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்குக் குழுவில் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். இருபது வருஷம் தாமதமாகச் சொல்கிறேன்.