நெரிசலா, தோட்டாவா? கேள்வியே தப்பு!

2024 பிப்ரவரி 29. இன்னும் விடியவில்லை. காசா நகரத்தின் ரஷீத் சாலையில், நபுல்சி ரவுண்டானா பக்கம், மாவு மூட்டை லாரிகளுக்காக ஆயிரக்கணக்கான ஜனங்கள் காத்துக்கிடந்தார்கள். 30க்கும் மேற்பட்ட லாரிகள் வந்தன. காசா சுகாதார அமைச்சகத்தின் கணக்குப்படி செத்தவர்கள் 118 பேர்.

அன்றிலிருந்து ஒரே பட்டிமன்றம்தான். செத்தது தோட்டாவாலா, நெரிசலாலா?

பெரும்பாலோர் நெரிசலிலும் லாரிச் சக்கரத்திலும் சிக்கித்தான் செத்தார்கள், எங்களை நெருங்கி வந்த 'சந்தேகத்துக்குரியவர்களை' மட்டுமே சுட்டோம் என்றது இஸ்ரேல் ராணுவம். அல்-அவ்தா மருத்துவமனையோ, தங்களிடம் வந்த 176 பேரில் 142 பேருக்குக் குண்டுக்காயம், மீதி 34 பேருக்கு நெரிசல் காயம் என்றது. அல்-ஷிஃபா மருத்துவமனைக்குப் போன ஐ.நா. குழுவும் ஏராளமான குண்டுக்காயங்களைப் பார்த்ததாகச் சொன்னது.

சரி, ஒரு பேச்சுக்கு எல்லாமே நெரிசல் என்றே வைத்துக்கொள்வோம். அதோடு கணக்கு முடிந்துவிடுமா? கூட்டத்தில் ஆள் செத்தால் முதலில் யாரைக் கேட்போம்? ஏற்பாடு செய்தவரைத்தானே! அந்த லாரிகளை ஒருங்கிணைத்தது நாங்கள்தான் என்று அந்த ராணுவமே சொல்லியிருக்கிறது. நேரம் அவர்களுடையது, பாதை அவர்களுடையது. வடக்கு காசாவுக்குள் எந்த லாரி நுழையலாம் என்ற முடிவும் அவர்களுடையது. உதவிப் பொருள் போக வழி செய்யுங்கள் என்று சர்வதேச நீதிமன்றம் ஜனவரி 26ஆம் தேதியே உத்தரவிட்டிருந்தது. ஒரு மாதம் கழித்தும் ஒரு மூட்டை மாவுக்கு ஆயிரம் பேர் முட்டி மோதினார்கள் என்றால், அந்த நெரிசல் தானாக வந்ததா?

"ஹமாஸ்தானே ஆரம்பித்தது?" என்பீர்கள். 2023 அக்டோபர் 7 படுகொலைக்கு ஹமாஸ் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால் அவன் செய்த பாவத்துக்கு மாவு வாங்க வந்தவன் ஏன் சாகவேண்டும்?

விசாரணை நடந்ததே என்பார்கள். நடத்தியது யார்? சுட்டவர்களின் ராணுவமேதான்! லாரிகள் மீது எங்கள் வீரர்கள் சுடவில்லை என்று மார்ச் 8ஆம் தேதி முடிவு சொன்னார்கள். வெளியே விட்ட டிரோன் காட்சியோ வெட்டி ஒட்டியது.

இதோடு இன்னொன்றையும் வைத்துப் பாருங்கள். ஏப்ரல் 1ஆம் தேதி 'வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன்' வண்டிகள் மீது தாக்குதல். ஏழு பேர் பலி. ஆறு பேர் வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள். ஐந்தே நாளில் தப்பு எங்கள் மீதுதான் என்று ஒப்புக்கொண்டு இரண்டு அதிகாரிகளை நீக்கினார்கள். மனசு வைத்தால் முடிகிறது, இல்லையா?

கேட்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும்? 2025 மே 27 முதல் ஜூலை 31 வரை மட்டும் உணவு தேடிப்போன 1,373 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோரைக் கொன்றது இஸ்ரேல் ராணுவம் என்கிறது ஐ.நா. மனித உரிமை அலுவலகம்.

அதனால்தான் சொல்கிறேன், நிரூபிக்கவேண்டியது பிணங்களின் வேலை இல்லை. சாலையும் துப்பாக்கியும் கேமராவும் யார் கையில் இருந்ததோ, அவர்கள் வெட்டாத காட்சியை வெளியாள் விசாரணைக்குக் கொடுக்கட்டும். அதுவரை 'நெரிசல்' என்பது பதில் இல்லை, சாக்கு!