பழைய பிரிட்ஜை உடைத்தால் பணம் வருமா? மும்பைத் தமிழர்களுக்கு ஒரு கணக்கு

2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி ஏர்கண்டிஷனர் மீதும், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டெலிவிஷன் பெட்டிகள் மீதும் இருந்த ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக இறங்கியது. பின்னாலேயே தசரா, தீபாவளி. தவணைக்குக் கொடுக்கக் கடைக்காரர்களும் தயார்.

புதுப் பெட்டி உள்ளே வந்தால் பழைய பெட்டி வெளியே போயாக வேண்டும். தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் நம்மவர்கள் குடியிருக்கும் அறைகளில் இரண்டையும் வைக்க இடம் ஏது?

பங்கார்வாலாவைக் கூப்பிடுகிறோம். அவர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்து ஒரு விலை சொல்கிறார். கேட்டதும் வயிற்றெரிச்சல்தான். பக்கத்து வீட்டுப் பையன் காதோடு சொல்கிறான்: "முழுசாக் குடுத்துராதீங்க அண்ணாச்சி. கழற்றி, செம்பைத் தனியா, இரும்பைத் தனியாப் போட்டா ரெண்டு மடங்கு வரும்."

வருமா? பலருக்கும் இந்த ஆசை உண்டு என்பதால் கூட்டிக் கழித்துப் பார்ப்போம்.

செம்புக்கு வந்த மவுசு

பையன் சொல்வதில் பாதி உண்மை. 2024 மே மாதம் லண்டன் உலோகச் சந்தையில் செம்பு விலை டன்னுக்கு 11,000 டாலரைத் தாண்டியது. நம் பணத்தில் கிலோ 900 ரூபாய்க்கு மேல். 2025-ல் அந்த உச்சமும் முறிந்தது. மின்சாரக் கார், காற்றாலை, சூரிய ஒளி மின்சாரம், பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் என்று எல்லாவற்றுக்கும் செம்புக் கம்பி தேவைப்படுகிறது.

இன்னொரு காரணம் நம்ம ஊர்ச் சமாச்சாரம். ஆண்டுக்கு 4 லட்சம் டன் செம்பு உருக்கும் திறன் கொண்ட தூத்துக்குடி ஆலை 2018 மே மாதம் மூடப்பட்டது. அதுவரை சுத்தச் செம்பை ஏற்றுமதி செய்து வந்த இந்தியா, அதன்பின் இறக்குமதி செய்யும் நாடாயிற்று. மூடியது சரியா, தவறா என்பது வேறு விவகாரம். அதில் சுப்ரீம் கோர்ட்டு 2024-லேயே தன் முடிவைச் சொல்லிவிட்டது. நமக்கு வேண்டியது இதுதான்: புதுச் செம்பு குறைந்தால் பழைய செம்புக்கு மரியாதை கூடும். அந்த மரியாதை குர்லா பங்கார் கடைத் தராசு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

மின்விசிறிக் கணக்கு

எளிதான சாமானில் தொடங்குவோம். ஒரு பழைய மின்விசிறி. எடை 4 கிலோ. அதில் செம்பு கால் கிலோ, அலுமினியம் ஒன்றே கால் கிலோ, மீதி இரண்டரை கிலோ இரும்பு என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் தரும் விலை செம்புக்கு 700, அலுமினியத்துக்கு 140, இரும்புக்கு 28 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். (விலை நாளுக்கு நாள் மாறும். இது கணக்குக்காக மட்டும்.)

செம்பில் ரூ.175, அலுமினியத்தில் ரூ.175, இரும்பில் ரூ.70. ஆக மொத்தம் ரூ.420. அதே மின்விசிறியை முழுதாகக் கொடுத்தால் 250 ரூபாய் என்றால், கழற்றியதால் வந்த அதிகப்படி 170 ரூபாய்.

அந்த 170 ரூபாய் எப்படி வந்தது? துருப்பிடித்த திருகுகளைக் கழற்ற வேண்டும். செம்புச் சுருளை ஒரு பக்கம் உளியால் வெட்டி, மறுபக்கம் குறடால் பிடித்து இழுக்க வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பொழுது இதிலேயே கழிந்துவிடும். மும்பையில் அரைநாள் வேலைக்கு 170 ரூபாய் கூலி என்றால் யாராவது வருவார்களா? நம் கூலியை நாமே கணக்கில் விட்டுவிடுவதால்தான் இது லாபம் போலத் தோன்றுகிறது.

மோட்டாரில் இருந்து இழுத்த கம்பியில் வார்னிஷ் ஒட்டியிருக்கும். அதனால் சுத்தச் செம்பின் விலை அதற்குக் கிடைக்காது. சில மோட்டார்களில் இருப்பது செம்பே அல்ல. செம்பு நிறப் பூச்சுப் பூசிய அலுமினியக் கம்பி. கத்தியால் சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாகப் பல்லிளிக்கும். மலிவு விலை மிக்சிகளிலும் ஸ்டெபிலைசர்களிலும் இந்த ஏமாற்றம் அதிகம்.

பிரிட்ஜ் எப்படி?

பிரிட்ஜின் முதுகில் ஓடும் கம்பிக் குழாயைச் செம்பு என்று நம்பி அறுப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது இரும்பு. காந்தத்தை வைத்தால் 'டக்'கென்று ஒட்டிக்கொள்ளும். மற்றபடி தகரம், பிளாஸ்டிக், நடுவே நுரைப் பஞ்சு. அந்தப் பஞ்சைக் காசு கொடுத்து வாங்க ஆள் இல்லை. நீங்கள்தான் அப்புறப்படுத்த வேண்டும்.

விலை போவது கம்ப்ரசர் ஒன்றுதான். அது நாலாபுறமும் பற்றவைத்து மூடிய இரும்புக் குடம். வெட்டி எடுத்தால் உள்ளே எண்ணெயும் கொஞ்சம் செம்பும் இருக்கும். வெட்டாமல், ஓடும் நிலையில் ரிப்பேர் கடைக்குப் போனால் அதற்கு வேறு விலை. மாவு அரைக்கும் கிரைண்டர் மோட்டாருக்கும் இதே கதைதான். ஓடுகிற மோட்டார் மோட்டார் விலைக்குப் போகும். உடைத்த மோட்டார் எடை விலைக்குத்தான் போகும்.

செம்பு நிறைய இருப்பது ஏர்கண்டிஷனரில். உண்மைதான். ஆனால் அதற்குள் அடைத்திருப்பது காற்று அல்ல. பழைய பெட்டிகளில் ஆர்-22 என்ற வாயு. கரியமில வாயுவைப் போல் 1,700 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக் கூடியது. புதிய பெட்டிகளில் உள்ள ஆர்-32 தீப்பிடிக்கும் தன்மை உள்ளது. இன்றைய பிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன். நம் சமையல் காஸின் சொந்தக்காரன்! குழாயை அறுத்தவுடன் சீறி வரும் வாயு கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். ஜன்னல் இல்லாத அறையில் மூச்சை அடைக்கும். அருகே ஸ்டவ் எரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மின்சாரத்தைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டர் ஷாக் அடிக்கும்.

பழைய டெலிவிஷனின் படக்குழாயில் ஈயம் கலந்த கண்ணாடி இருக்கிறது. அதை உடைத்தால் கிடைப்பது கைப்பிடி செம்பும் வீடு முழுக்கக் கண்ணாடித் தூளும். அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

உடைப்பவர்கள் பாடு

அப்படியானால் குர்லாவிலும் தாராவியிலும் உடைப்பவர்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது? அவர்கள் உடைப்பது ஒன்றல்ல, நூறு. பேரிங்குக்கு ஒரு வியாபாரி, சர்க்யூட் போர்டுக்கு ஒரு வியாபாரி, மோட்டாருக்கு ஒரு வியாபாரி என்று பக்கத்துச் சந்திலேயே ஆள் இருக்கிறது. டன் கணக்கில் விற்பவருக்குக் கிடைக்கும் விலை, பையில் இரண்டு கிலோ கொண்டு போகிறவருக்குக் கிடைக்காது.

அந்த லாபமும் முதலாளிக்குத்தான். சுத்தியல் பிடிப்பவருக்கு அன்றாடக் கூலி. வயரை உரிக்க நேரமில்லாமல் தீ வைத்துச் செம்பு எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கறுப்புப் புகையில் அமில வாயுவும் டயாக்சின் என்ற கடும் விஷமும் உண்டு. கருகிய செம்புக்கு விலையும் குறைவு. உடம்பும் கெட்டு, விலையும் கெடுகிறது.

மத்திய சர்க்காரின் மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. சாமானைத் தயாரித்து விற்ற கம்பெனியே, பதிவு பெற்ற ஆலைகள் மூலம் கழிவை அழித்ததற்குச் சான்று வாங்க வேண்டும். வீட்டுச் சாமான்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தர வேண்டும் என்று 2024-ல் விலையும் வைத்தார்கள். 'இது அதிகம்' என்று பெரிய கம்பெனிகள் டெல்லி ஐகோர்ட்டுக்குப் போயின. மின்கழிவில் இருந்தும் பழைய பேட்டரிகளில் இருந்தும் அரிய கனிமங்களைப் பிரிக்கும் ஆலைகளுக்கு ரூ.1,500 கோடி ஊக்கத்தொகை தர மத்திய மந்திரிசபை 2025 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது.

22 ரூபாயும் பதிவு பெற்ற ஆலைக்கு. 1,500 கோடியும் ஆலைகளுக்கு. கைவண்டி தள்ளி வீடு வீடாக வந்து பெட்டியை இறக்கிக்கொண்டு போகிறவருக்கு இதில் எந்தப் பங்கும் எழுதப்படவில்லை. ஆனால் அதே விதிகளில், உடைக்கும் தொழிலாளர்களை மாநில சர்க்கார் அடையாளம் கண்டு பதிவு செய்ய வேண்டும், பயிற்சி தர வேண்டும், உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் வழி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. மும்பையில் எத்தனை பேரைப் பதிவு செய்தார்கள் என்று நம் சங்கங்கள் கேட்கலாம். பொங்கல் விழா மேடைக்கு மந்திரிகள் வரும்போது மாலை போட்டுவிட்டு இந்தக் கேள்வியையும் கையில் கொடுத்தால் என்ன?

வீட்டில் பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் முதலில் ஸ்விட்சைப் போட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ரிப்பேர் கடைக்காரரிடம் விலை கேளுங்கள். ஓடாவிட்டால், புதியது வாங்கும் கடையில் பழையதற்கு என்ன கழிப்பார்கள் என்று கேட்டு, இரண்டு பங்கார்வாலாக்கள் சொல்லும் விலையோடு ஒத்துப் பாருங்கள். பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரர் வந்து எடுத்துக்கொள்வதாக இருந்தால், பத்து இருபது ரூபாய் குறைந்தாலும் அவரிடமே கொடுங்கள்.

வண்டி வரும்வரை பிரிட்ஜை வாசலில் வைத்திருப்பதானால் கதவை மட்டும் கழற்றிவிடுங்கள். ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே புகுந்து கதவு மூடிக்கொண்டால், கத்தினாலும் வெளியே கேட்காது.