யாருக்கு 200? யாருக்கு 600? - சென்னைக் குழாய்த் தண்ணீரின் சாதி

2019 நவம்பரில், அப்போது ஒன்றிய நுகர்வோர் துறை அமைச்சராக இருந்த ராம் விலாஸ் பாஸ்வான் ஒரு பட்டியலை வெளியிட்டார். தலைநகரங்களின் குழாய்த் தண்ணீரை இந்தியத் தர நிர்ணய அமைவனம் சோதித்துப் பார்த்த முடிவு அது. மும்பையில் எடுத்த மாதிரிகள் அனைத்தும் தேறின. சென்னையில் எடுத்த 10 மாதிரிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. கலங்கல், நாற்றம், கடினத்தன்மை, குளோரைடு, கோலிஃபார்ம் எனக் குறைகளின் பட்டியல் நீண்டது. அதன்பிறகு நடந்த பேச்செல்லாம் எந்த நகரம் முதலிடம், எது கடைசி என்பதைப் பற்றித்தான். சென்னை என்பது ஒரே ஊர், அதன் குழாய்களில் வருவது ஒரே தண்ணீர் என்பதுபோல எல்லோரும் பேசி முடித்தார்கள்.

தோழர்களே, சென்னை ஒரே ஊரா?

அந்தச் சோதனைக்கு அளவுகோலாக வைத்த ஆவணத்தின் பெயர் ஐ.எஸ். 10500. 2012-இல் திருத்தி வெளியிடப்பட்டது. சாதியைப் பற்றி ஆய்வு செய்ய வரும் மாணவர்கள் மனுவோடு நிறுத்திக்கொள்ளாமல் பொறியாளர்களின் இந்த அட்டவணையையும் படிக்க வேண்டும். அதில் பல பொருள்களுக்கு இரண்டு வரம்புகள் இருக்கின்றன. முதலாவது, ஏற்கத்தக்க வரம்பு. இரண்டாவது, 'வேறு நீராதாரம் இல்லாத நிலையில்' அனுமதிக்கப்படும் வரம்பு. மொத்தக் கடினத்தன்மை ஒரு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரம் இல்லையென்றால் 600. கரைந்த உப்புகளுக்கு, அதாவது டி.டி.எஸ்.ஸுக்கு, 500. வேறு ஆதாரம் இல்லையென்றால் 2000. குளோரைடுக்கு 250, இல்லையென்றால் 1000.

முதல் வரம்பைத் தாண்டிய தண்ணீர் உகந்ததல்ல என்று அதே ஆவணம் ஒப்புக்கொள்கிறது. ஆனாலும் வேறு வழியில்லாதவர்கள் இரண்டாம் வரம்புவரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது.

இந்த 'வேறு வழியில்லாதவர்கள்' யார்? அட்டவணையில் சாதி என்ற சொல் எங்கும் கிடையாது. தேவையும் இல்லை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து பிடுங்கப்பட்டு கண்ணகி நகரிலும் எழில் நகரிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள். அங்கே பெருமளவில் வாழ்பவர்கள் தலித் மக்கள். வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் 20, 25 கிலோமீட்டர் தள்ளி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, உப்பு ஏறிய நிலத்தடி நீரின் மேல் அவர்களுக்கு அடுக்குமாடி கட்டித் தந்தார்கள். வடக்கே மீஞ்சூர் பக்கம் 1960களின் இறுதியிலிருந்தே நிலத்தடியில் கடல்நீர் புகுந்துவருவது பதிவாகியிருக்கிறது. எங்கே கீழே நல்ல தண்ணீர் இல்லையோ, அங்கே மேலே நம் ஆட்கள்.

இயற்கை அப்படி, என்ன செய்ய முடியும் என்பார்கள். பொய். இந்த நகரத்துக்கு வேறு நீராதாரம் இல்லாமல் போனதே இல்லை. 2004-இல் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் வீராணம் ஏரியிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் ஏற்றி வந்தார்கள். 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்கு தலா 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. 2024-இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று திறந்தார்கள். கடலையே நல்ல தண்ணீராக்கத் தெரிந்த அரசுக்கு ஒரு குடியிருப்பின் கடைசிக் குழாய்வரை அதைக் கொண்டுபோகத் தெரியாதா? யாருக்கு மாற்று உண்டு, யாருக்குக் கிடையாது என்பதை நிலமோ மழையோ முடிவு செய்யவில்லை. கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர்கள் முடிவு செய்கிறார்கள்.

அளவிலும் இதே இரட்டைக் கணக்குதான். ஒன்றிய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர் வழங்கல் கையேடு, பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், பெருநகரம் என்றால் 150 லிட்டர் என்கிறது. தெருக்குழாயை நம்பி இருப்பவருக்கு 40. தெருக்குழாயில் பிடிப்பவருக்கு உடம்பு சின்னதா, அழுக்கு குறைவா?

'உப்புத் தண்ணி அடுக்குமாடிப் பணக்காரர்களுக்கும்தானே வருகிறது, இதில் சாதி எங்கே வந்தது?' என்று கேட்பவர்கள் உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையின் பெரிய குடியிருப்புகளிலும் போர் தண்ணீர் கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே தொட்டிக்குப் பக்கத்தில் மென்னீராக்கும் கருவி இருக்கிறது. சமையலறையில் ஆர்.ஓ. இருக்கிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடும் வசதி அது. அவர்கள் காசு கொடுத்து இரண்டாம் வரம்பிலிருந்து முதல் வரம்புக்கு ஏறிக்கொள்கிறார்கள். ஏற முடியாதவர்களை 'பொறுத்துக்கொள்' என்று விட்டுவிடுகிறார்கள்.

பொறுத்துக்கொள்வது என்றால் என்ன? நான் வேலை நிமித்தம் போய்வரும் ஒரு குடியிருப்பில் பெண்கள் தண்ணீரை இரண்டாகத்தான் பிரிக்கிறார்கள்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி குறித்த நேரம் வந்து நின்றுவிடும். மீதிப் பொழுதுக்கு உப்புத் தண்ணி. அதில் சோப்பு நுரைக்காது, அதனால் துணிக்கு இரண்டு மடங்கு சோப்பு. பருப்பு வேகாது, அதனால் கூடுதல் கேஸ். பாத்திரத்தில் வெள்ளைப் படலம், தலைமுடியில் பிசுக்கு. 'நல்ல தண்ணி வர்ற அன்னிக்குத்தாம்மா தலைக்கு ஊத்திக்கறது' என்றார் ஓர் அக்கா. அவர் காலையில் ஐந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர். மென்னீரில் ஊரார் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு வந்து, உப்புத் தண்ணீரில் தன் பாத்திரத்தைத் தேய்க்கிறார். குடிக்க கேன். 20 லிட்டர் கேன் 35 ரூபாய், மாதத்துக்குப் பதினைந்து கேன் என்று வைத்தாலும் 525 ரூபாய். முதல் வரம்பில் வாழ்கிறவர் கட்டாத இந்த வரியை இவர் மாதாமாதம் கட்டுகிறார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடின நீர் குடித்தால் சிறுநீரகக் கல் வரும் என்று மேடையில் முழங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நல அடிப்படையில் வரம்பு எதையும் விதிக்கவில்லை. கால்சியமும் மெக்னீசியமும் விஷமல்ல. நிரூபிக்க முடியாத ஒரு வரியைச் சொன்னால், நிரூபித்த பத்து வரிகளையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். நம் வழக்குக்கு நோய் தேவையில்லை. உழைப்பும் காசும் நேரமும் மானமும் போவதே போதும். நோய் பற்றிப் பேச வேண்டிய இடம் வேறு: நல்ல தண்ணீர்க் குழாயில் சாக்கடை கலக்கும் இடம். கிருமி விஷயத்தில் ஐ.எஸ். 10500 இரண்டாம் வரம்பே வைக்கவில்லை. 100 மில்லி லிட்டரில் ஈ.கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அங்கே சலுகை யாருக்கும் கிடையாது. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1924-இல் ஆர். வீரையன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பொது வீதியும் கிணறும் குளமும் எல்லோருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1927 மார்ச் 20 அன்று மகத்தில் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கினார். அந்தத் தண்ணீரில் தனிச் சுவை இருந்தது என்றா இறங்கினார்? சமம் என்று நிறுவ இறங்கினார். அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் சாதித் தடையைச் சட்டவிரோதமாக்கியது. இன்று யாரும் குழாயைத் தொடாதே என்று நம்மைத் தடுப்பதில்லை. குழாய்க்குள் வருவதை மாற்றிவிட்டார்கள். ஊர்க் கிணறு, சேரிக் கிணறு என்றிருந்தது, 200, 600 என்று எண்ணாக மாறி உட்கார்ந்திருக்கிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயல் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரிந்தபோது நாடே பேசியது, பேச வேண்டும். தினமும் உப்பு கலந்து வரும் குழாய்க்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது.

எனவே செய்ய வேண்டியது என்ன? டி.டி.எஸ். மீட்டரோடு நிற்காதீர்கள். அது கரைந்த உப்பை மட்டும்தான் காட்டும். கடினத்தன்மையைத் தனியே காட்டாது, கிருமியைக் காட்டவே காட்டாது. வேதியியல் படிக்கும் தோழர்கள் கல்லூரி ஆய்வகத்திலேயே இ.டி.டி.ஏ. முறையில் கடினத்தன்மையைக் கணக்கிடலாம். ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பிலும் அதே வாரத்தில் ஒரு வசதியான பகுதியிலும் மாதிரி எடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தத் தெருவுக்கு வாரம் எத்தனை மணி நேரம் எந்த ஆதாரத்திலிருந்து தண்ணீர் விடுகிறீர்கள்? கடைசியாக எப்போது இங்கே மாதிரி எடுத்தீர்கள்? எந்த வரம்பை வைத்து 'தகுதியானது' என்று சான்று கொடுத்தீர்கள்?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். 600-ஐ வைத்துச் சான்று கொடுத்திருந்தால், 'வேறு ஆதாரம் இல்லை' என்று யார், எந்தத் தேதியில் முடிவு செய்தார்கள் என்று அடுத்த மனுவைப் போடுங்கள். அரசு தானே கட்டி, தானே குடியேற்றிய இடத்தில் இரண்டாம் வரம்பு செல்லாது என்பதே நம் கோரிக்கை. குடியேற்றும் முன்பே முதல் வரம்புக்கு உட்பட்ட தண்ணீரைக் கடைசிக் குழாய்வரை கொண்டுவந்து காட்ட வேண்டும். காட்ட முடியாதென்றால், எங்களை அங்கே கொண்டுபோக அவர்களுக்கு உரிமை கிடையாது.